குதிரை லாயத்தில் ஒரு மன்றாட்டு

அத்தியாயம் 14

"இந்த வளவுக்குள் இனி என் கால் படாது" என்று செலீன் சொன்னது, கணவன் றெனோல்டின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று. ஆறு வருசம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். போன கிழமை றொஷினி, செலீன் இப்போது இருக்கும் லவாலுக்கு வந்து, குசினி வாசலில் நின்று, "சித்தி, நீங்கள் வராட்டி நான் கலியாண உடுப்புப் போடமாட்டன்" என்று அழுததோடு அந்தச் சொல் முறிந்தது.

றொஷினி, றெனோல்டின் தமையன் அருமைராசாவின் ஒரே மகள். அப்பனை நினைத்தால் செலீனுக்கு வயிறு எரியும். மகளை நினைத்தால் அதே வயிறு குளிரும்.

நாளைக்குக் கலியாணம். இன்று பின்னேரம் மாப்பிள்ளை டெனிஸ்டன் வீட்டார் வருகிறார்கள். ஒக்டோபர், செபமாலை மாதம். இரண்டு குடும்பமும் சேர்ந்து செபமாலை சொல்லிப் பெண்ணை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு.

றொஷினிக்காகத்தான் போகிறேன் என்று கார் ஓட்டிக்கொண்டே செலீன் தனக்குச் சொன்னாள். டோர்வல் தாண்டும்போது அது பாதிதான் உண்மை என்று ஒப்புக்கொண்டாள். மற்றப் பாதி, அருமைராசாவைச் சபை நடுவில் தலைகுனிய வைக்கவேண்டும் என்பது. எப்படி என்று அவளுக்கு இன்னும் தெரியாது. வைக்கவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், ஆற்றைப் பார்த்தபடி நின்றது அந்தப் பண்ணை வீடு. எந்தக் காலத்திலோ ஒரு ஆங்கிலேயக் கமக்காரன் தன் வயலில் பொறுக்கிய கல்லாலேயே கட்டியது. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் அளந்து வைத்த சன்னல்கள், பனி வழுகி விழுவதற்காகச் செங்குத்தான கூரை, கூரையின் நட்டநடுவில் ஒரேயொரு பெரிய கல் புகைபோக்கி. முற்றத்தைச் சுற்றித் தானியக் களஞ்சியம், பால் வைக்கும் சின்னக் கல் அறை, குதிரை லாயம். பெரிய வீடு முதலாளி மாதிரி நிமிர்ந்து நிற்க, மற்றவை கைகட்டி நிற்கும்.

கோயில் பங்குச் சனங்கள் அதைக் "கல்வீடு" என்பார்கள். அருமைராசா வாங்கியபோது அதற்குள் அணிலும் புறாவும்தான் குடியிருந்தன. தச்சு வேலை தெரிந்த தம்பியைக் கூப்பிட்டார். றெனோல்ட் வந்தான்.

களஞ்சியத்தின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பெரிய கதவுகள் இருந்தன. சூடடித்த தானியத்தைத் தூற்றக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகவேண்டும் என்று அந்த நாளில் வைத்தது. றெனோல்ட் அந்தக் கதவுகளுக்குக் கண்ணாடி போட்டு, உளி கொத்திய தடம் தெரியும்படி பழைய உத்தரங்களைத் துடைத்தெடுத்துக் கலியாண மண்டபமாக்கினான். பால் அறை அருமைராசா கணக்குவழக்குப் பார்க்கும் கந்தோராயிற்று.

குதிரை லாயம் றெனோல்டுக்கும் செலீனுக்கும்.

"கொஞ்ச நாளைக்கு லாயத்தில இருங்கோ. பெரிய வீடு குடும்பத்துக்குத்தானே காணும்" என்றார் அருமைராசா. கூடப் பிறந்தவன் குடும்பம் இல்லாமல் வேறு என்ன என்று அன்று செலீன் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருசமாக நீண்டது.

லாயத்தின் நிலம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். குதிரை மூத்திரம் ஓடுவதற்காக வைத்த வாட்டம். தேத்தண்ணிக் கோப்பை கை தவறினால் உருண்டு ஓடும். கட்டில் காலுக்கு ஒரு பக்கம் பலகைத் துண்டு வைத்துத்தான் அவர்கள் படுத்தார்கள். கதவோ குதிரைக் கதவு. மேல்பாதி தனியே திறக்கும். அருமைராசாவின் மனைவி றெஜினா நினைத்த நேரம் வந்து தட்டாமல் மேல்பாதியைத் திறந்து தலையை நீட்டுவாள். "என்ன பிள்ளை, இண்டைக்கு மீனோ?"

ஒரு மார்ச் மாதம் றெனோல்ட் மண்டபக் கூரையில் பனி தள்ள ஏறினான். யாரோ வாடகைக்கு எடுத்த கலியாண வரவேற்பு, சனம் வருமுன் கூரை துப்புரவாக வேண்டும் என்று தமையன் ஒற்றைக்காலில் நின்றார். செலீன் அன்று பிரெஞ்சு வகுப்பில். திரும்பி வந்தபோது, விழுந்தவனை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் போய்விட்டது.

ஏணி சுவரில் சாத்தியபடியே நின்றது. அதைத்தான் அருமைராசா எல்லோருக்கும் காட்டினார். "ஏணி சறுக்கேல்லை. மனுசன்தான் தள்ளாடினவன். கொஞ்சம் எடுத்துப்போட்டு ஏறிட்டான்." தபசு கால ஒறுத்தலாகப் பிளேன்டீ குடிப்பதைக்கூட விட்ட மனுசனைப் பற்றி, சவப்பெட்டி மூட முன்பே, கோயில் வாசலில் நின்று சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செலீன் "குடிகாரன்ர பெண்சாதி" ஆனாள்.

இவ்வளவையும் மனதில் சுமந்துகொண்டுதான் அவள் காரை நிறுத்தினாள்.

றெஜினாதான் முதலில் கண்டாள். அந்த வளவில் ஒரு அணில்கூட அவள் கண்ணுக்குத் தப்பி ஓடாது. கண்டதை வயிற்றில் வைத்திருக்கவும் அவளுக்குத் தெரியாது என்பது பங்கறிந்த சங்கதி.

"வந்திட்டியோ பிள்ளை" என்று செலீனின் கையைப் பிடித்தாள். முகத்தை மட்டும் நேரே பார்க்கவில்லை.

உள்ளே போனதும் செலீன் நின்றுவிட்டாள். வீட்டின் நடுவில், ஒரு ஆள் குனிந்து உள்ளே போகலாம் என்ற அளவில் கல்லால் கட்டிய கணப்பு இருந்தது. இப்போது அந்த இடத்தில் வெறும் மெல்லிய சுவர். சுவரில் ஆளுயரத் திருஇருதய ஆண்டவர் படம், சிவப்பு மின்விளக்கு. படத்துக்கு முன்னால் முழந்தாளிடப் பாய்கள் விரித்தாயிற்று.

"ஃபயர்பிளேஸ் எங்க அக்கா?"

"அதைப் போன வருசம் உடைச்செடுத்தாச்சு. பார், ஹோல் எவ்வளவு பெரிசாய்த் தெரியுது."

செலீன் பழைய கட்டடங்களைத் திருத்தும் ஒரு கொம்பனியில் வரைபடம் போடுகிறவள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? வெளியே கூரைக்கு மேல் புகைபோக்கி அப்படியே நின்றதை அவள் வரும்போதே கண்டவள். நேரே மாடிக்கு ஏறினாள்.

றொஷினி கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சித்தி, நீங்களே தலை வாரிவிடுங்கோ."

அறையின் நடுச்சுவர் முழுக்கக் கல். கீழே காணாமல் போன கணப்பின் மேல்பகுதி. வெள்ளை பூசி, அதன் வாயில் மெழுகுதிரி அடுக்கியிருந்தாள் றொஷினி. மேசையிலிருந்து உதட்டுச் சாயக் குழாய் ஒன்று விழுந்து, தானாகவே உருண்டு, கல்லடியில் போய் முட்டி நின்றது.

செலீன் குனிந்தாள். கல்லுக்கும் பலகைத் தரைக்கும் நடுவே வெடிப்பு. அவளது விரல் உள்ளே போனது.

இந்த மாதிரி வீட்டுக்கு நடுப் புகைபோக்கிதான் முதுகெலும்பு. உத்தரங்கள் எல்லாம் அதில்தான் தலை வைத்துப் படுத்திருக்கும். அதன் காலை வெட்டிவிட்டு, உடம்பை மாடித் தரைமேல் நிற்க விட்டிருக்கிறார்கள். ஒரு லொறி கல். அதற்கு நேர் கீழே திருஇருதயப் படம். படத்தின் கீழே பாய்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அருமைராசா அந்தப் பாயில் முதல் ஆளாக முழந்தாளிடுவார்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், செலீனுக்கு முதலில் வந்தது சந்தோசம். பயமே வரவில்லை. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், கல் தன் நேரத்துக்குத் தானே வரும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இனித்தது. தன்னுடைய நினைப்புத்தான் என்று தெரிந்தும் அதை அவள் உடனே துரத்தவில்லை.

"என்ன சித்தி பாக்கிறியள்?" என்று கேட்டபடி றொஷினி அந்தக் கல்லிலேயே முதுகைச் சாய்த்து நின்றாள்.

செலீன் அவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சால வா. சீலையை எடு. நீ மண்டபத்தில போய் உடுக்கலாம்."

"ஏன் சித்தி?"

"கேள்வி பேந்து கேக்கலாம். நட."

பெண்ணை மண்டபத்தில் விட்டுவிட்டு நேரே பால் அறைக்குப் போனாள். அருமைராசா கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே றெஜினாவும் வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணை, நடுப் புகைபோக்கியின்ர அடியை வெட்டினது ஆர்?"

"ஆறு வருசத்துக்குப் பிறகு வந்து கேக்கிற முதல் கேள்வி இதோ? இரு, தேத்தண்ணி குடி."

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"ரெண்டு பெடியள் ஒரு சனி ஞாயிறில செய்து தந்தவங்கள்."

"மேல நிக்கிற கல்லுக்கு இரும்பு உத்தரம் குடுத்தவங்களோ?"

"இவ்வளவு காலம் நிண்ட வீடு. அதுக்கென்ன."

"இவ்வளவு காலமும் அந்தக் காலிலதான் அண்ணை நிண்டது. அதைத்தான் நீங்கள் வெட்டிட்டியள்."

அருமைராசா மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும், றெஜினாவின் வாய் தானாகத் திறந்தது.

"ஸ்காபரோவில ஒரு வாஸ்துக்காரர். போனில வீட்டைச் சுத்திக் காட்டினனான். நடுவீட்டில நெருப்புக் குழி இருந்தால் பெட்டைக்குக் கலியாணம் தள்ளிப்போகும் எண்டவர். உடைச்ச ரெண்டாம் மாசம் டெனிஸ்டன்ர சம்பந்தம் வந்தது பிள்ளை."

"உன்னை ஆர் கேட்டது?" என்று சீறினார் அருமைராசா.

செலீனுக்குச் சிரிப்பு வந்தது. இவர் கோயில் சபைத் தலைவர். கைரேகை பார்க்கிறவனிடம் போனவர்களைப் பற்றிக் கூட்டத்தில் எழும்பி நின்று பேசியவர். வாஸ்துக்காரன் சொல்லிக் கணப்பை உடைத்து, உடைத்த இடத்தை ஆண்டவரின் படத்தால் மறைத்திருக்கிறார்.

"இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பெரிய வீட்டுக்குள்ள இனி ஒருத்தரும் போகக் கூடாது. திங்கக்கிழமை எங்கட கொம்பனி ஆக்கள் வந்து முட்டுக் குடுக்கும்வரைக்கும் நீங்களும் போகக் கூடாது."

"மாப்பிள்ளை வீட்டார் வாற நேரம். நாளையண்டைக்குப் பாப்பமே."

"நான் ஒரு போன் எடுத்தால் நகரசபை வந்து வளவையே பூட்டும். நாளைக்கு மண்டபமும் இல்லை. ஏன் உடைச்சனியள் எண்டு பாதருக்கும் சம்பந்திக்கும் நானே விளங்கப்படுத்துறன்."

அருமைராசா கழுத்துப்பட்டியை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். அதைச் செலீன் ஆசைதீரப் பார்த்தாள்.

"செபமாலையை எங்க வைக்கிறது? மண்டபம் முழுக்க நாளைக்கு மேசை கதிரை போட்டாச்சு."

"லாயத்தில."

"சம்பந்தியைக் குதிரை லாயத்தில முழந்தாளிடச் சொல்லவோ?"

"எங்களை மூண்டு வருசம் படுக்கச் சொன்ன இடம்தானே அண்ணை. இன்னொண்டும் இருக்கு. அங்க வைச்சு, எல்லாருக்கும் முன்னால, றெனோல்ட் அண்டைக்குக் குடிக்கேல்லை எண்டு உங்கட வாயால சொல்லவேணும்."

அவர் கழுத்துப்பட்டியின் முடிச்சை இறுக்கினார். "பாப்பம்" என்றார் கடைசியில்.

லாயத்தை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் பிரெஞ்சில் பெயர்ப் பலகை. சுவரில் குதிரை கட்டிய இரும்பு வளையங்களுக்கு மினுக்கம் பூசி, வளையத்துக்குள் பூச்சாடி. சரிந்த நிலத்தைப் பழமை என்று சொல்லி அப்படியே விட்டிருந்தார்கள். செலீன் குடியிருந்தபோது அவமானமாக இருந்ததெல்லாம் இப்போது அழகாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பெரிய வீட்டில ஹீற்றர் வேலை நடக்குது" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, அருமைராசா எல்லோரையும் லாயத்துக்கு அழைத்துப் போனார். முகம் செத்திருந்தது. செலீன் பின்வரிசையில் நின்று அந்த முகத்தையே பார்த்தாள்.

பாதர் உள்ளே வந்தார், வளையங்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"அருமைராசா, நீர் கெட்டிக்காரன். ஆண்டவர் பிறந்ததும் தொழுவத்திலதானே. அவ்வளவு பெரிய வீட்டை வைச்சுக்கொண்டு பிள்ளையின்ர செபத்தை இஞ்ச வைக்க யோசிச்சீரே, இதுதான் தாழ்ச்சி."

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்தாள். சம்பந்தி அருமைராசாவின் தோளைத் தட்டினார். அருமைராசா ஒரு கணம் திகைத்து, பிறகு மெல்லத் தலையைக் குனிந்து, அந்தப் புகழை வாங்கிக்கொண்டார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. செத்திருந்த முகம் செலீனின் கண்முன்னாலேயே உயிர்த்துக்கொண்டது.

செலீனுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். தன் மானம் போன இடத்தில் அவருக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். சரிந்த நிலம் அவள் முழங்காலுக்குப் பழக்கமானது. மற்றவர்கள் வழுகி வழுகி நிமிர்ந்தார்கள்.

செபமாலை முடிந்தது. பாதர், "இப்ப குடும்பத்தாக்கள் ஒவ்வொருத்தராய் மன்றாட்டுச் சொல்லுங்கோ" என்றார். ஒருவர் மன்றாடுவார், முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்லுவார்கள். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, மனம் எங்கே நின்றாலும் வாய் தானாகச் சொல்லும் பதில் அது.

சம்பந்தி, மணமக்களுக்காக மன்றாடினார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அடுத்தது அருமைராசா.

"எங்கட குடும்பத்தில மரிச்சவைக்காக மன்றாடுறம். விசேசமாய் என்ர தம்பி றெனோல்ட். இந்த வளவைத் திருத்தின பிள்ளை." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "மனுசப் பலவீனத்தால அவன் விட்ட பிழையளை மன்னிச்சு, அவனை உம்முடைய சந்நிதியில சேர்த்தருளும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பலவீனமாம். கோயில் வாசலில் ஒருமுறை சொன்னது போதாதென்று, இன்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா திரும்பிச் செலீனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பரிதாபத்தைத்தான் செலீனால் தாங்க முடியவில்லை. கைகூப்பினாள், கண்ணை மூடினாள், குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ஆண்டவரே, ஒரு சொட்டுச் சாராயமும் வாயில வைக்காத என்ர மனுசனை, பனி இறுகின கூரையில ஏத்திவிட்டு, செத்தபிறகு குடிகாரன் எண்டு ஊருக்குச் சொன்ன அவன்ர தமையனை மன்னித்தருளும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் சொன்னார்கள். பாதர் சொன்னார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சொன்னார்கள். கோயில் சபைத் தலைவர் அருமைராசாவும், பழக்க தோசத்தில், கண்ணை மூடியபடி கணீரென்று சொன்னார்.

சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது ஒவ்வொருவருக்கும் உறைத்தது. கூப்பிய கைகள் இறங்கின. தலைகள் ஒவ்வொன்றாக அருமைராசாவின் பக்கம் திரும்பின. அவர் கண்ணைத் திறந்து, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். தலை தானாகக் குனிந்தது. அதில் தாழ்ச்சி எதுவும் இல்லை.

ஆறு வருசமாகச் செலீன் காத்திருந்தது இதற்குத்தான். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"நல்லது" என்றார் பாதர், நிலைமையைச் சமாளிக்க. "கடைசி ஆசீர்வாதத்துக்குப் போவம்."

"ஒண்டு இருக்கு பாதர்."

றெஜினாவின் குரல். கதவோரத்தில் முழந்தாளிட்டிருந்தாள், அந்தப் பாதிக் கதவின் கீழே. றெனோல்ட் செத்த நாளிலிருந்து, தான் வளவை விட்டுப் போகும்வரை, அவள் அந்த மேல்கதவைத் திறந்து ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை என்பது செலீனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அணில் ஓடினாலும் காண்கிறவள். கண்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவள்.

"றெஜினா" என்றார் அருமைராசா, தாழ்ந்த குரலில்.

அவள் கணவனைப் பார்க்கவில்லை.

"ஆண்டவரே, அண்டைக்கு றெனோல்ட் மேல நிக்கேக்க, வாற சனம் எடுக்கிற ஃபோட்டோவில ஏணி விழும் எண்டு, அதை எடுத்துக்கொண்டு போனவரை மன்னித்தருளும். இறங்க ஏணி இல்லாமல் அவன் விழுந்தபிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்து சுவரில சாத்தினதையும் மன்னித்தருளும். கண்டுபோட்டுப் பேசாமல் இருந்த என்னையும் மன்னித்தருளும்."

இந்த முறை ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாதரின் உதடு அசைந்து நின்றுவிட்டது. சரிந்த நிலத்தில் யாருடைய செபமாலையோ நழுவி நடுவை நோக்கி ஓடியது.

முன்வரிசையில், ஆசீர்வாதத்துக்கு உடுத்த சீலையோடு முழந்தாளிட்டிருந்த றொஷினி மெல்ல எழும்பித் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அம்மா சொல்லுறது எந்த ஏணி?"